இன்னு மக்களின் இசை: நீண்டகாலக் கேட்பனுபவம்

கனடாவின் கியூபெக் வடகரையிலும் லாப்ரடாரிலும் வாழும் பூர்வகுடிகளான இன்னு மக்களின் நாட்டார் இசையையும் ராக் இசையையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இவர்கள் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் அல்லர். மொழியும் மரபும் வேறு.

பெரும்பாலோரைப் போல நானும் காஷ்டின் இசைக்குழுவில்தான் தொடங்கினேன். செட்-ஈல் நகரை அடுத்த மாலியோடெனாமில் புளோரான் வொலான், குளோட் மெக்கென்சி ஆகிய இருவரும் உருவாக்கிய குழு அது. 1989-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டு, இன்னு மொழியில் பாடப்பட்டிருந்தும், அம்மொழி அறியாத பிரெஞ்சு நேயர்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது. மறு ஆண்டே கியூபெக்கின் ஓகா ஊரில், மற்றொரு பூர்வகுடியினரான மோஹாக் மக்களின் நிலவுரிமைப் போராட்டம் வெடித்தபோது, அதில் தொடர்பே இல்லாத இவர்களின் பாடல்களைக் கியூபெக்கின் சில வானொலி நிலையங்கள் நிறுத்திவைத்தன என்பதை அறிந்தபோது எனக்கு மனம் கொதித்தது. மெக்கென்சியின் கரகரத்த குரலும் வொலானின் இதமான குரலும் சேரும் இடங்கள் இன்றும் சலிக்கவில்லை. 1994-இல் வந்த ‘அக்குவா துத்தா’வில் ஸ்டூடியோ மெருகு கூடி, கிட்டாரின் நெருக்கம் குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

நாளடைவில் என் காது பாடகர்களைக் கடந்து தாளத்தின் பக்கம் திரும்பியது. தெவெயிகன் என்பது கரிபூ மான்தோல் போர்த்திய மரபுப் பறை. தோலின் குறுக்கே இழுத்துக் கட்டிய நரம்பில் சிறு எலும்புத் துண்டுகள் கோக்கப்பட்டிருப்பதால், ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு ரீங்காரம் தொடர்ந்து வருகிறது. அதைக் கனவில் கண்ட பிறகே ஒருவர் வாசிக்கலாம் என்பது மரபு. இந்தப் பறையிசையை ஊன்றிக் கேட்ட பின்னர், கிட்டாரை மீட்டும் கையிலும் அதே சீரான நடை இருப்பது எனக்குப் புலப்பட்டது. 1970களிலேயே இவ்வழியைத் திறந்தவர் பிலிப் மெக்கென்சி. அலங்காரமே இல்லாத அவருடைய பழைய ஒலிப்பதிவுகள்தாம், காலம் செல்லச் செல்ல, மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமாகிவிட்டன.

வொலானின் தனி இசைத்தட்டுகளில் 1999-இன் ‘நிபையமியானான்’ என்ற கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பை ஆண்டு முழுவதும் கேட்கிறேன். 2001-இல் கனடாவின் இசை விருதான ஜூனோவைப் பெற்றது அது. குழந்தைகளைக் குடும்பத்திலிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்த உறைவிடப் பள்ளி ஒன்று மாலியோடெனாமில் இருந்தது. சிறுவனாக வொலானும் அங்கே வைக்கப்பட்டவர். அதே இடத்தில்தான் 1980களின் நடுவிலிருந்து ‘இன்னு நிகாமு’ இசைவிழா நடந்து வருகிறது. இதை அறிந்த பிறகு, அம்மொழியில் அவர் பாடும் ஒவ்வொரு வரியையும் கூடுதல் கவனத்தோடு கேட்கிறேன்.

இளையோரில் ஜமைக்காவின் ரெகே இசையைக் கலந்து பாடும் ஷவித், ஃபோக்கும் ராக்கும் இணைக்கும் மாத்தியூ ஆகிய இருவரையும் அடிக்கடி கேட்கிறேன். புதிதாக வருவோர் காஷ்டினின் முதல் இசைத்தட்டிலிருந்து நேரே பிலிப் மெக்கென்சிக்குச் சென்று, அதன் பிறகே இவர்களிடம் வருவது நல்லது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் பறையின் ரீங்காரம் கேட்காது. நல்ல ஹெட்ஃபோன் அவசியம்.