கிளாசிக்கல் ஹோம்ஸ்கூல் பாடத்திட்டம்: ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை எங்கள் அனுபவம்

ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகும் மகனை ஆகஸ்டிலிருந்து வீட்டிலேயே படிக்கவைப்பது என்று என் தோழி முடிவு செய்துவிட்டாள். "அக்கா, நீங்க வச்சிருக்கிற கிளாசிக்கல் செட்டையே நானும் வாங்கிடட்டுமா? இப்ப விலை வேற குறைச்சிருக்காங்க" என்று கேட்டாள். சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. என் மகள் ஆறாம் வகுப்பில் இதைத் தொடங்கினாள், இப்போது எட்டாம் வகுப்பு முடியும் நேரம். அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

கிளாசிக்கல் என்றால் பழைய கிரேக்க, ரோமானியக் கல்வி மரபைப் பின்பற்றுவது; அதன் அடிப்படை டிரிவியம், அதாவது அடிப்படைகளை மனதில் பதிக்கும் இலக்கணம், வாதிடப் பழகும் தர்க்கம், நன்றாக எடுத்துரைக்கும் சொல்லாட்சி என்ற மூன்று படிகள். சட்டம் பற்றியும் அதிகம் சொல்லப்போவதில்லை. நாங்கள் இருப்பது டெக்சாஸில். 1994இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுப்பள்ளியைத் தனியார் பள்ளியாகவே ஏற்றுக்கொண்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை இவற்றை ஒழுங்காக நடத்தினால் போதும், அரசாங்கத் தேர்வு கிடையாது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் செட்டை ஆர்டர் செய்வதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். சில இடங்களில் கெடுபிடி அதிகம்.

கணக்கை இந்த செட்டிலிருந்து எடுக்கவே இல்லை, தனியாக சிங்கப்பூர் மேத் வைத்தோம். அறிவியல் சுமார்தான், படிக்க நிறைய, கையால் செய்துபார்க்கக் குறைவு. இவை இரண்டையும் இத்தோடு விடுகிறேன்.

லத்தீனுக்கு வருகிறேன். வாங்கும்போது எனக்கு அதில்தான் நம்பிக்கை குறைவாக இருந்தது. தமிழையே வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் வீட்டில் லத்தீன் எதற்கு என்று என் அம்மா ஊரிலிருந்து கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. மெமோரியா பிரஸ்ஸின் ஃபர்ஸ்ட் ஃபார்ம் லத்தீன் புத்தகத்தைப் பிரித்தோம். முதல் பாடமே வினைச்சொல்: அமோ, அமாஸ், அமாட், அமாமுஸ், அமாட்டிஸ், அமாண்ட். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்ததுபோல் தினமும் காலையில் சத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது வாரத்தில் மகள் நிமிர்ந்து பார்த்து, "அம்மா, 'நான்'னு தனியா சொல்லவே வேண்டாம், கடைசி எழுத்துலயே இருக்கு. நாம 'வரேன்'னு சொல்ற மாதிரி" என்றாள்.

அங்கிருந்து அவளை நிறுத்த முடியவில்லை. நௌட்டா புவெல்லே ரோசம் டாட் என்று ஒரு வாக்கியம் எழுதினோம். மாலுமி சிறுமிக்கு ரோஜாவைக் கொடுக்கிறான். நான்கு சொற்களும் தமிழில் வரும் அதே வரிசையில் வந்து நின்றன, வினை கடைசியில். ஆங்கிலத்தில் அதே வாக்கியத்தைச் சொல்ல 'டு'வையும் 'தி'யையும் கொண்டுவந்து வரிசையை மாற்ற வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபு என்ற விஷயமே புதிது, அதைப் புரியவைக்க ஆசிரியர் கையேடு பக்கம் பக்கமாகப் பாடுபடுகிறது. நம் பிள்ளைகள் அதைப் பேசியே வளர்கிறார்கள். டேட்டிவ் வந்ததும் 'கு' என்றேன், அக்யூசட்டிவ் வந்ததும் 'ஐ' என்றேன், அவ்வளவுதான். எல்லோரும் பயமுறுத்தும் அப்லட்டிவ்கூட எங்கள் வீட்டில் சுலபமாகப் போனது. நாம் ஆல், இருந்து, இல் என்று மூன்று வேற்றுமைகளாகப் பிரித்து வைத்திருக்கும் வேலையை லத்தீன் பெரும்பாலும் அந்த ஒன்றிலேயே ஏற்றிவிடுகிறது என்று சொன்னவுடன் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

திணறிய இடமும் உண்டு. மேசை எப்படிப் பெண்பால் ஆகும் என்று அவளுக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய மூளைக்கு அது அநியாயமாகத்தான் தெரியும். பாலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

எனக்கு இதில் கிடைத்த பெரிய மகிழ்ச்சி லத்தீன் அல்ல. தமிழ்ப் பள்ளியில் வேற்றுமை அட்டவணையைக் கண்டாலே முகம் சுளித்தவள், ஏழாம் வகுப்பில் தானாக வந்து, தமிழில் மொத்தம் எத்தனை வேற்றுமை என்று கேட்டாள். தொல்காப்பியம் ஏழென்று சொல்லி, விளியையும் சேர்த்து எட்டாக்குகிறது என்றேன். "லத்தீனைவிட அதிகம்" என்று சிரித்துவிட்டு, லத்தீன் நோட்டிலேயே பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுத் தமிழ் உருபுகளை எழுதிக்கொண்டாள். பல வருடம் கெஞ்சியும் நடக்காதது அது. இதற்காக மட்டுமே இந்தப் பாடத்திட்டத்துக்கு நான் நன்றி சொல்வேன், பணம் வீண் என்று எப்போதும் சொல்லமாட்டேன்.

எழுத்துப் பயிற்சியும் அப்படித்தான். நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரில் இருந்த அஃப்தோனியஸ் என்ற சொல்லாட்சி ஆசிரியர் பதினான்கு பயிற்சிகளாக வகுத்துவைத்ததை இன்றும் கிளாசிக்கல் பாடத்திட்டங்கள் படிப்படியாகப் பின்பற்றுகின்றன. முதலில் நீதிக்கதையைச் சுருக்கியும் விரித்தும் எழுதுவது, பிறகு ஒரு கூற்றை விளக்குவது, பிறகு ஒரு கதையை மறுப்பது, அதே கதையை ஆதரித்து எழுதுவது. நாங்கள் வைத்தது கிளாசிக்கல் அகாடமிக் பிரஸ்ஸின் ரைட்டிங் அண்ட் ரெட்டரிக் வரிசை, மொத்தம் 12 புத்தகங்கள். மறுப்புப் பயிற்சிக்கு அவர்கள் கொடுத்த கிரேக்கக் கதையை முடித்தபின், மனுநீதிச் சோழன் கதையை எடுக்கச் சொன்னேன். பசு மணிக்கயிற்றை இழுத்தது நம்பத்தக்கதா, ஒரு கன்றுக்காக மகனைக் கொல்வது அரசனுக்குத் தகுமா என்று ஒரு வாரம் கிழித்து எழுதினாள். மறுவாரம் அதே கதைக்காக வாதாடினாள். இரண்டாவது கட்டுரைதான் நன்றாக இருந்தது. தேரில் அடிபட்டது கன்றா மனிதனா என்று பார்க்காத நீதிக்குத்தான் குடிகள் பயமில்லாமல் வந்து மணி அடிப்பார்கள் என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இப்படி எழுதியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஆங்கில எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரைதான் இந்த முறைக்கு இங்கே மறுவாழ்வு கொடுத்தது என்பார்கள். எதிர்த்துப் பேசுவதிலும் பெரியவர்களின் தவறைப் பிடிப்பதிலும் பிள்ளைகளுக்கு ஆசை வரும் இந்த வயதில், அந்த வேகத்தை அடக்காமல் தர்க்கத்தைக் கற்றுக்கொடுங்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். என் வீட்டில் அது நூற்றுக்கு நூறு உண்மை.

இனி, என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாததைச் சொல்கிறேன். வரலாறு.

எந்தப் பதிப்பகம் என்று சொல்லப்போவதில்லை. காலத்தைப் பழங்காலம், இடைக்காலம், முன்நவீனம், நவீனம் என்று நான்காகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்றாகப் படிப்பது கிளாசிக்கல் வட்டாரத்தில் பரவலான முறை. நல்ல முறைதான். கையேட்டின் அட்டையில் உலக வரலாறு என்று போட்டிருந்தது. ஆறாம் வகுப்பில் சிந்துவெளி, புத்தர், அசோகர் எல்லாம் ஓரிரு வாரத்தில் முடிந்தன. அதன்பின் கிரேக்கம், ரோம், கிரேக்கம், ரோம். ஏழாம் வகுப்பு முழுக்க ஐரோப்பா. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கும்போதுதான் இந்தியா மறுபடி வருகிறது, அதுவும் அவர் போய்ச் சேர்ந்த கரையாக மட்டும். எட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி.

"அம்மா, அசோகர்லேருந்து வாஸ்கோ ட காமா வரைக்கும் நம்ம ஊர்ல யாரும் எதுவுமே பண்ணலையா?" என்று மகள் கேட்டாள். அசோகர் இறந்தது பொதுயுகத்துக்கு முன் 232இல். ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கும் மேல்! அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. வீட்டு நடைச்சுவரில் கால அட்டவணை ஒட்டுவது இந்தப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி, நிகழ்ச்சிகளை அச்சடித்த அட்டைகள் கூடவே வரும். அதில் நார்மாண்டிக்காரர்கள் இங்கிலாந்தை வென்ற 1066 ஹேஸ்டிங்ஸ் போர் இருக்கிறது. 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயில் இல்லை. 1025இல் ராஜேந்திரனின் படை கடல் தாண்டி, சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தின் மீது போனது இல்லை. நார்மாண்டிக்காரர்கள் ஒரு கால்வாயைக் கடந்தது உலக வரலாறு, சோழர்கள் வங்கக் கடலைக் கடந்தது இல்லை என்றால் எந்தப் பிள்ளைக்கு நான் எப்படி விளக்குவது?

பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். மேற்கத்திய மரபைக் கற்பிப்பதே எங்கள் நோக்கம் என்று மரியாதையாகவே பதில் வந்தது. அது நேர்மையான நோக்கம், அதில் எனக்குக் குறையில்லை. அப்படியானால் அட்டையில் அதையே போடட்டும்.

தர்க்கப் பாடத்திலும் இதே கதை. அரிஸ்டாட்டிலில் தொடங்கி நேராக ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறது. மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப்போல் என்று மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை அனுமானத்தைக் கற்றுத்தருகிறது. நிறுவ வந்த கூற்றில் பிழை என்றால் பக்கப்போலி, காரணத்தில் என்றால் ஏதுப்போலி, உதாரணத்தில் என்றால் திட்டாந்தப்போலி என்று வாதத்தில் வரும் பிழைகளை வகைப்படுத்தவும் செய்கிறது. உரையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் முட்டி மோதி மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். விளம்பரங்களில் ஏதுப்போலி தேடுவது அவளுக்கு ஒரு விளையாட்டாகிப்போனது. செவ்வியல் என்ற பெயரை வைத்துக்கொண்டு இதைத் தொடாமல் போகிறவர்கள்மேல் எனக்கு எரிச்சல் வருவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இப்படி விட்டுப்போனதை நிரப்பும் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. சனி, ஞாயிறு அதற்கே போனது. சுவரில் ஒட்ட எங்கள் அட்டைகளை நாங்களே வெட்டி எழுதினோம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் அநியாயக்காரி. அந்தச் சனிக்கிழமைகளில் எங்களுக்கு மிக நன்றாக அமைந்த பாடம் முசிறி, ரோமானியக் கப்பல்கள் மிளகுக்காக வந்த பழைய சேரர் துறைமுகம். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானிய நாணயத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியதைப் படித்தோம். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலங்களை அகநானூறு 149ஆம் பாட்டில் படித்தோம். வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் என்ற பழைய நாணல்தாள் ஆவணத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருப்பதைப் பார்த்தோம். 1945இல் தொல்லியலாளர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியிலிருந்து வந்த மட்கலங்கள் கிடைத்த கதையையும் சேர்த்துக்கொண்டோம். மகளுக்கு பிளினி யார், செஸ்டர்ஸ் எவ்வளவு, ரோமில் மிளகுக்கு என்ன மவுசு என்பதெல்லாம் முன்பே தெரிந்திருந்தது. நான் திட்டிக்கொண்டிருக்கும் அதே வரலாற்றுப் புத்தகம் ரோமை அவ்வளவு ஆழமாகச் சொல்லிக்கொடுத்திருந்ததால்தான் அது தெரிந்திருந்தது. கடலின் ஒரு கரையை நன்றாகத்தான் காட்டினார்கள். மறுகரையைக் காட்டாமல் விட்டதுதான் என் ஆத்திரம்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். லத்தீனில் சர்ச் உச்சரிப்பு, பழைய ரோமானிய உச்சரிப்பு என்று இரண்டு உண்டு, பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். தொடங்கும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். பெரும்பாலான செட்கள் கிறிஸ்தவப் பின்னணியில் எழுதப்பட்டவை. வீட்டுப்பள்ளிக் குடும்பங்கள் கூடிப் படிக்கும் வாராந்திரக் குழுக்களில் சிலவற்றில் சேர, பெற்றோர் மத நம்பிக்கை அறிக்கையில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அட்டைப்படத்தை மட்டும் பார்க்காமல், மாதிரிப் பக்கங்களைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆசிரியர் கையேடுகளைப் பழையதாக வாங்கலாம், ஒர்க்புக்கை மட்டும் புதிதாக வாங்குங்கள். பெற்றோரில் ஒருவர் லத்தீனைப் பிள்ளையோடு சேர்ந்து படிக்காவிட்டால் இரண்டாவது புத்தகத்தில் வண்டி நின்றுவிடும். வீடியோ பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி இறங்காதீர்கள்.

தோழிக்கு என் பதில்: முழு செட்டை வாங்காதே. விலை குறைந்திருந்தாலும் வேண்டாம். உன் வேலை நேரத்தில் அந்த வரலாற்று ஓட்டையை அடைக்க உனக்கு வாரக் கடைசி மிஞ்சாது, அடைக்காமல் விட்டால் உன் மகன் என் மகள் கேட்ட கேள்வியைக்கூடக் கேட்காமல் வளர்ந்துவிடுவான். அதுதான் எனக்குப் பெரிய பயம். லத்தீனும் எழுத்துப் பயிற்சியும் போதும். ஃபர்ஸ்ட் ஃபார்ம் கையேடு என்னிடம் சும்மா இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்.

நான்? இளையவனுக்கு அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு. அதே செட்டை, வரலாறு உட்பட, போன வாரம் ஆர்டர் செய்துவிட்டேன். அக்காவோடு சேர்ந்து அமோ, அமாஸ் சொல்லிக்கொண்டே அவன் வளர்ந்திருக்கிறான், சுவரில் ஒட்டுவதற்கு எங்கள் அட்டைகளும் தயாராக இருக்கின்றன. ராஜேந்திரனின் அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, அதை மட்டும் புதிதாக எழுத வேண்டும்.