மேக்ரோ கிட் வாங்கப் போகிறீர்களா? பையில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்

புதுச்சேரியில் 'இரண்டு நாள் பூப்படப் பயிற்சி, மேக்ரோ லென்ஸ் கிட்டோடு 6,500 ரூபாய்' என்று புதியவர்கள் தலையில் கட்டுகிறார்கள். மேக்ரோ லென்ஸ் என்றால் சின்னப் பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்கும் லென்ஸ். கடலூரிலிருந்து போய்ச் சேர்ந்த ஒரு மாணவரின் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே லென்ஸே இல்லை. +1, +2, +4, +10 என நான்கு க்ளோஸ்-அப் ஃபில்டர் (லென்ஸின் முன்னால் மாட்டும் பூதக்கண்ணாடி; எண் கூடினால் வலுவும் கூடும்), ஒரு எக்ஸ்டென்ஷன் ட்யூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்), துடைக்க ஒரு துணி. அவ்வளவுதான்.

ஃபில்டர் கெட்ட பொருள் இல்லை, கற்றுக்கொள்ள நல்லதே. அதை லென்ஸ் என்று விற்றதுதான் மோசடி. +10 ஒற்றைக் கண்ணாடி. லென்ஸ் முடிவிலியில், அதாவது வெகுதூரத்தில், ஃபோகஸ் ஆகியிருந்தால் பூ 10 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். நடுவில் தெளிவு, ஓரமெல்லாம் கலங்கல், வெள்ளை இதழ் விளிம்பில் ஊதாக் கோடு. நான்கையும் அடுக்கச் சொன்னார்களாம்! எட்டுக் கண்ணாடிப் பரப்பில் வெளிச்சம் சிதறினால் படம் வெளிறாமல் என்ன செய்யும்? அடுக்கினால் இரண்டு போதும், வலுவானது லென்ஸை ஒட்டி இருக்கட்டும்.

ட்யூப் இன்னும் மோசம். அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். கேனான் இஎஃப் வகை லென்ஸில் அதைக் கேமராதான் மின்சாரத்தால் இயக்குகிறது. இந்த ட்யூபில் மின் தொடர்புப் புள்ளிகளே இல்லை. திரையில் எஃப் எண் இருக்க வேண்டிய இடத்தில் 00 நிற்கும், அபெர்ச்சர் முழுசாகத் திறந்தே கிடக்கும், ஆட்டோஃபோகஸும் போச்சு. 1:1 நெருக்கத்தில், அதாவது பூ தன் உண்மை அளவிலேயே கேமராவின் சென்சாரில் விழும்போது, எஃப்/8 வைத்தாலே ஒரு மி.மீ.கூடத் தெளிவாக விழாது. திறந்து கிடந்தால் ஒரு மகரந்தப்பையின் நுனி மட்டும்தான். படம் மங்குகிறது என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "கை நடுங்குது தம்பி." வாங்குவதானால் ட்யூபின் இரண்டு முகத்திலும் பொன்னிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் 'மேக்ரோ' என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். கடையிலேயே மி.மீ. ஸ்கேலை வைத்து, ஃபோகஸ் ஆகும் மட்டும் நெருங்கி ஒரு படம் எடுங்கள். கேனானின் சாதாரணக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரின் அகலம் சுமார் 22 மி.மீ. படத்தின் அகலத்தில் 22 கோடு தெரிந்தால் 1:1, 44 தெரிந்தால் 1:2. அந்த மாணவரின் 18-55 மி.மீ. லென்ஸ் எதையும் மாட்டாமலே சுமார் 65 மி.மீ. அகலத்தை நிரப்பியது. செம்பருத்திக்கும், புதுச்சேரியின் மாநிலப் பூவான நாகலிங்கத்துக்கும் அதுவே தாராளம். தும்பை மாதிரிப் பொடிப் பூவுக்குத்தான் மேலே செலவு.

சொல்லிக்கொடுத்ததும் அரைகுறை. ஃபில்டரோடு எஃப்/22 வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒளி விளிம்பில் வளைந்து கூர்மை போய்விடும். எஃப்/8 முதல் 11 வரை, ஷட்டர் 1/250, அதற்குத் தகுந்த ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்). காற்று எழும் முன் காலையிலேயே போங்கள். லைவ் வியூவில் (பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சி) 10 மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பாமல் உடம்பை முன்னும் பின்னும் அசைத்துப் பிடியுங்கள்.

பழைய லென்ஸ் கொடுத்தால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோர ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், சிலந்தி நூல் போலத் தெரியும்.

பணம் திரும்பவில்லை. பில்லில் 'பயிற்சிக் கட்டணம்' என்று மட்டும் இருந்ததால் பொருளைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியவில்லை. பணம் கட்டும் முன் பொருளின் பெயர், மாடல், விலையைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.