துணித் துண்டுக்கு யுபிஎஸ்ஸா, எக்ஸ்பிஎஸ்ஸா?

புராஜெக்ட் நேரம் வந்தால் கோவை எம்எஸ்சி மாணவர்கள் கேட்பது இதைத்தான்: "சார், சாம்பிளை யுபிஎஸ்ஸுக்கு அனுப்பறதுங்களா, எக்ஸ்பிஎஸ்ஸுக்குங்களா?" (இந்த யுபிஎஸ் பேட்டரிப் பெட்டி அல்ல. பொருளின் மேல் யுபிஎஸ் புற ஊதா ஒளியையும் எக்ஸ்பிஎஸ் எக்ஸ் கதிரையும் பாய்ச்சி, தெறிக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் சோதனைகள்.)

அடிப்படைக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே போகும் ஒளித்துகளின் ஆற்றல் தெரியும். தெறித்து வரும் எலக்ட்ரானின் ஆற்றலை அதிலிருந்து கழித்தால், மூலக்கூறு அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது என்று தெரிந்துவிடும். திடப்பொருளுக்கு மட்டும் கருவி சார்ந்த ஒரு சிறு திருத்தம் உண்டு.

யுபிஎஸ்ஸில் ஹீலியம் விளக்கு, அதன் ஒளித்துகளுக்கு 21.22 எலக்ட்ரான் வோல்ட் (இந்த அளவில் ஆற்றலை எண்ணும் அலகு). வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மட்டுமே வரும். ஆனால் வாயுக்களில் இதன் நுணுக்கம் எக்ஸ்பிஎஸ்ஸுக்கு வராது. நைட்ரஜனின் வரைபடத்தில் 15.6 எலக்ட்ரான் வோல்ட்டில் வரும் பட்டை கிட்டத்தட்ட ஒற்றைக் கோடு. அந்த எலக்ட்ரான் போனாலும் பிணைப்பு பெரிதாக அசைவதில்லை. 16.7-ல் தொடங்குவதோ படிப்படியாக நீளும் வரிசை. ஒவ்வொரு படியும் எலக்ட்ரானை இழந்த மூலக்கூறின் ஓர் அதிர்வு நிலை; படிகளின் இடைவெளி சாதாரண நைட்ரஜனின் அதிர்வு ஆற்றலைவிடக் குறைவு. அப்படியென்றால் பிணைப்பைத் தாங்கிய எலக்ட்ரான் போய், பிணைப்பு தளர்ந்திருக்கிறது. எனக்கு இதுதான் அழகு.

ஆனால் திருப்பூர் பாலியஸ்டர் துணிக்கு நான் எக்ஸ்பிஎஸ்ஸைத்தான் சொல்வேன். அலுமினிய எக்ஸ் கதிரின் 1486.6 எலக்ட்ரான் வோல்ட், கார்பனின் உட்கூட்டு எலக்ட்ரானையே பெயர்த்துவிடும். வரைபடத்தில் பாலியஸ்டரின் கார்பன் மூன்று முகடாகப் பிரியும்: வளையக் கார்பன் 285 எலக்ட்ரான் வோல்ட் அருகே, ஆக்சிஜனோடு ஒற்றைப் பிணைப்பில் உள்ளது 286.5 அருகே, இரண்டு ஆக்சிஜனோடு சேர்ந்த எஸ்டர் கார்பன் 289 அருகே. விகிதம் 3:1:1. சாஃப்ட்னர் ஏறியிருந்தால் இந்த விகிதமே காட்டிக்கொடுக்கும். யுபிஎஸ் மேலே இரண்டு மூன்று நானோமீட்டரோடு நின்றுவிடும். எக்ஸ்பிஎஸ் பத்து வரை பார்க்கும்.

துணி மின்சாரம் கடத்தாது என்பதால் எக்ஸ்பிஎஸ்ஸிலும் முகடுகள் நகரும். மின்னேற்றத்தைச் சமன் செய்தார்களா, எந்த முகட்டை வைத்து அளவைச் சரிசெய்தார்கள் என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். அப்புறம், துண்டை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெயும் கார்பன்தான்.

பிரிண்டிங் பிரிவில் கரைப்பான் நெடி பார்க்கும் கைக்கருவியும் இதே குடும்பம்தான். பெரும்பாலும் 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு. டொலுயீன் என்ற கரைப்பானிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்க்க 8.8 போதும், அதனால் பிடித்துவிடும். ஆனால் எலக்ட்ரானின் ஆற்றலை அது அளப்பதில்லை, மின்னோட்டத்தை மட்டும் எண்ணுகிறது; எந்த வாயு என்று சொல்லாது. மீத்தேனுக்கு 12.6 வேண்டும். சாண எரிவாயுக் கலன் கசிந்தால் அதிலுள்ள மீத்தேனை இந்தக் கருவி காட்டாது.