மூடிய ஸ்டுடியோவின் இருட்டறைச் சாமான்கள்: வாங்கலாமா?

வேலூர் லாங்கு பஜார் பக்கம் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம், எப்போதோ மூடப்பட்ட ஒரு போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறைச் சாமான்களை, அதாவது ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போட உதவுபவற்றை, மொத்தமாக 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். ஃபிலிமைச் சுற்றும் இரண்டு ரீல்களோடு அதைக் கழுவும் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், எனாமல் டிரே மூன்று, பிளாஸ்டிக் அளவு ஜாடி இரண்டு, மர இடுக்கி ஒன்று, பழுப்புக் கண்ணாடிப் புட்டி மூன்று ஆகியவை அதில் இருந்தன. கறை படியாத பொருள் என்று அவற்றில் எதுவுமே இல்லை. "வினிகர் ஊத்தினா எல்லாம் போயிடும் சார்" என்றார் விற்றவர். அவர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு உண்மை.

உண்மையான அந்தப் பங்கு, டிரேக்களின் அடியில் சுண்ணாம்பு போல் படிந்திருந்த வெள்ளைப் படலத்தைப் பற்றியது. ஃபிலிமில் பதிந்த படத்தைத் தெரியவைக்கும் கரைசலான டி-76 டெவலப்பரில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட் இருக்கிறது. நம் ஊர் போர் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து அதனுடன் சேர்ந்தால் கால்சியம் சல்ஃபைட்டாக அடியில் இறங்கிவிடும். வினிகர் பட்டதும் அது கரைகிறது, ஆனால் கந்தகம் எரிந்தாற்போன்ற நெடி கிளம்புவதால் இந்த வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்வது நல்லது. இப்போது நான் டெவலப்பர் கலக்கக் கேன் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறேன். படலம் திரும்ப வரவில்லை.

வெள்ளை ரீல்களில் தேநீர் நிறத்தில் ஊறிப்போயிருந்த கறையை வினிகர் தொடக்கூட இல்லை. காற்றுப்பட்டுக் கெட்ட டெவலப்பர் பிளாஸ்டிக்கிலேயே சாயமாக இறங்கிய நிறம் அது. பார்க்க அசிங்கமே தவிர, ஃபிலிமுக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. டிரே விளிம்புகளில் இருந்த கறுப்பு, படத்தை நிலைப்படுத்தும் கரைசலான ஹைப்போவில் கரைந்த வெள்ளி டெவலப்பரைச் சந்தித்த இடத்தில் மீண்டும் உலோகமாகப் படிந்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கந்தக அமிலமும் சேர்ந்த கரைசலில் அது போகும் என்றாலும், வெறும் அழகுக்காக வீட்டில் அமிலத்தைக் கையாள எனக்கு மனம் வரவில்லை.

கண்ணுக்குத் தெரிந்த இவற்றையெல்லாம் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, என் முதல் ரோலைக் கெடுத்தது செட்டிலேயே மிகச் சுத்தமாகத் தோன்றிய அளவு ஜாடி. கோட்டை அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தையும் எடுத்திருந்த அந்த நெகட்டிவ், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இளஞ்சிவப்பாகவும், சாய்த்துப் பார்த்தால் பச்சை கலந்த மஞ்சளாகவும் மங்கியிருந்தது. டெவலப்பரில் ஹைப்போ கலந்துவிட்டால் வரும் இரட்டை நிற மூட்டம் அது. மருந்துக் கடையில் கிடைக்கும் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பு நிறம் வருமளவு நீரில் கரைத்து, ஜாடியில் ஒரு மணி நேரம் ஊறிய தண்ணீரில் சில சொட்டுகள் விட்டேன்; ஹைப்போ இருந்ததால் நிறம் உடனே காணாமல் போயிற்று. அதே சொட்டுகள் டேங்க்கில் இரவு முழுவதும் நின்ற தண்ணீரில் அப்படியே நின்றன. ஜாடியின் மூக்கு மடிப்பில் காய்ந்துபோன ஹைப்போ உப்பு பல ஆண்டுகளாக ஒளிந்திருந்திருக்கிறது. மர இடுக்கிக்கு இந்தச் சோதனை பொருந்தாது, ஏனெனில் மரமே அந்த நிறத்தைக் குடித்துவிடும். உறிஞ்சும் பொருள் என்ற ஒரே காரணத்துக்காக அதையும், புட்டி மூடிகளுக்குள் இருந்த அட்டைகளையும் சோதிக்காமலே எறிந்துவிட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மருத்துவமனைகள் நிறைந்த நம் ஊரில் கடைக்குப் போய் "ஹைப்போ" என்று கேட்டால், தரை துடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை எடுத்துத் தர வாய்ப்பு உண்டு. நம்முடைய ஹைப்போ சோடியம் தயோசல்ஃபேட். வெள்ளி உப்பை அது கரைக்கும் என்பதை 1819-இல் கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல். தரை மருந்தை வினிகருடனோ அமில ஹைப்போவுடனோ சேர்த்துவிட்டால் நச்சு வாயு கிளம்பும்; ஆகவே டிரே கழுவ அதை எடுக்கவே கூடாது.

ரீல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாத வெயிலில் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைவிட்டு ஃபிலிமை ஏற்றும்போது பாதி வழியில் அது சிக்கிக்கொண்டே இருந்தது. வியர்வைதான் காரணம் என்று இரண்டு ரோல்கள் வரை நம்பினேன். ஃபிலிமில் நீர்த்துளித் தடம் விழாமல் இருக்கக் கடைசிக் கழுவலில் சேர்க்கும் வெட்டிங் ஏஜென்ட், ரீலின் பள்ளங்களில் பசையாகக் காய்ந்திருந்ததே உண்மைக் காரணம். சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்த பிறகு, உள்ளிருக்கும் சின்ன இரும்புக் குண்டுகள் குலுக்கினால் கலகலவென்று உருளுகின்றன, ஃபிலிமும் தடையின்றி ஏறுகிறது. இப்போது ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றிய பிறகே அந்தக் கரைசலில் நனைக்கிறேன்.

டிரேக்களில் ஒன்று எனாமல் பெயர்ந்து துருவேறியிருக்கிறது. துரு பிரிண்ட்டில் புள்ளியாக இறங்கும் என்பதால் அதற்கு வேலை இல்லை. டேங்க்கையும் ரீல்களையும் மட்டும் 1,500 ரூபாய்க்குக் கொடுத்தால் பழுப்பு நிறத்தைப் பார்த்துத் தயங்காமல் வாங்கலாம். அளவு ஜாடியைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். புதிதாக இரண்டு வாங்கி, ஒன்றின்மேல் "டெவலப்பர்", மற்றதன்மேல் "ஹைப்போ" என்று பெயின்ட்டால் எழுதிவிட வேண்டும்.