பெட்டி இல்லாமல் விற்ற தெள்ளுப்பூச்சி மருந்து: பூனை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

பூனை வளர்ப்பவர்கள் இதை ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் பிடரியில் விடுகிற சொட்டு மருந்தைக் கடையில் சிரிஞ்சில் ஊற்றி வாங்கி வந்து வீட்டில் வைத்திருந்தால், இப்போதைக்கு அதைப் பூனை மேல் போடாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு எந்த வீட்டிலும் நடக்கக் கூடாது.

எங்களிடம் இரண்டு பூனைகள். மிளகுக்கு நான்கு வயது, எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இன்னொருவன் பூந்தி, ஏழு மாதம். தாம்பரத்தைத் தாண்டி ஒரு தரைத்தள வீட்டில் குடியிருக்கிறோம். பின்னால் காலிமனை, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், புல் மண்டும், தெருநாய்கள் அங்கேதான் படுக்கும். போன நவம்பர் மழைக்குப் பிறகு மிளகு ஓயாமல் சொறிய ஆரம்பித்தாள். வாலடியில் முடியை விலக்கிப் பார்த்தால் கறுப்புத் துகள்கள். அவற்றை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்தேன், செம்பழுப்பாகக் கரைந்தது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். வெறும் அழுக்காக இருந்தால் அப்படிச் சிவக்காது.

வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் ஊரில் இல்லை. சனிக்கிழமை மாலை, பூனை சாப்பாடு வாங்குகிற கடைக்கே போய்க் கேட்டேன். இரண்டு வருடமாக மாதாமாதம் போகிற கடை. உரிமையாளர் நன்றாகப் பேசுவார், பூனைகளின் பெயரைச் சொல்லி விசாரிப்பார். அந்தப் பழக்கத்தில்தான் நம்பினேன்.

"தெள்ளு, உண்ணி, கொசு, மூணுக்கும் ஒரே மருந்துக்கா. பூனைக்குன்னு தனியா டப்பாவுல வாங்கினா ஐந்நூறு, அறுநூறு ஆகும். இது நூத்தம்பதுதான்" என்று சொல்லி, மஞ்சள் நிறத் திரவம் நிரப்பி மூடி போட்ட ஒரு சின்ன சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தார். மேலே ஒரு எழுத்தும் இல்லை. பெட்டி எங்கே என்று கேட்டேன். "பெரிய பேக்கா வருதுக்கா, பிரிச்சுக் கொடுக்கிறோம். பெரிய நாய்க்கு நாலு எம்எல், பூனைக்கு அரை எம்எல். அளவுதான் வித்தியாசம், மருந்து ஒண்ணுதான். சாமந்திப்பூவுல இருந்து எடுக்கிறது, ஒண்ணும் பண்ணாது."

அந்தச் சாமந்திப்பூதான் என்னைச் சமாதானப்படுத்தியது. பில் கேட்டதற்கு மெஷின் வேலை செய்யவில்லை என்றார். யுபிஐ-யில் 150 ரூபாய் அனுப்பிவிட்டு வந்தேன்.

இரவு ஏழு மணிக்கு மிளகின் பிடரியில் அரை மில்லி விட்டேன். மீதி அரை மில்லி பூந்திக்கு என்று வைத்திருந்தேன். அவன் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டான், சரி, காலையில் போடலாம் என்று விட்டுவிட்டேன். அவன் உயிர் தப்பியது அதனால்தான்.

பத்து மணி வாக்கில் மிளகின் காதுகள் வெட்டி வெட்டித் துடித்தன. தண்ணீரில் மிதித்துவிட்டது போல ஒவ்வொரு காலாக உதறினாள். முதுகுத் தோல் அலை அலையாக நெளிந்தது. பூச்சி சாகிறது, அதனால் அரிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். பதினொன்றரைக்கு வாயிலிருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்தது. பன்னிரண்டரைக்கு எழுந்து நிற்கப் பார்த்தாள், பின்னங்கால்கள் மடங்கி விழுந்தாள். உடம்பு முழுக்க நடுக்கம். குளிரில் நடுங்குகிறாள் என்று எண்ணிப் போர்வையில் சுற்றினேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. நிற்காத நடுக்கத்தில் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். போர்வை அந்தச் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துவிடும்.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். அந்த நேரத்திலும் எடுத்தார். "மருந்து வேலை செய்யுதுக்கா. பூச்சி சாகும்போது அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பால் கொடுங்க" என்றார். ஒன்றேகாலுக்கு மறுபடி கூப்பிட்டபோது போன் அணைக்கப்பட்டிருந்தது. அதற்குள் மிளகுக்கு முதல் வலிப்பு வந்துவிட்டது.

மேல்வீட்டு அண்ணன் காரை எடுத்தார். இரவிலும் திறந்திருக்கிற ஒரு தனியார் கால்நடை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்து போட்டீங்க?" என் கையில் இருந்தது எழுத்தே இல்லாத ஒரு சிரிஞ்சு. என்ன பதில் சொல்வது? தெள்ளுக்கு, உண்ணிக்கு என்று சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, "கொசுவையும் விரட்டும்னு சொன்னாங்களா?" என்றார். ஆமாம் என்றதும், "அப்ப பெர்மெத்ரினாத்தான் இருக்கும். நாய் மருந்து" என்று சொல்லிக்கொண்டே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். பூனைகளுக்கென்று விற்கிற வழக்கமான சொட்டு மருந்துகள் கொசுவை விரட்டாது. அவற்றில் பரவலாக இருக்கிற ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி தெள்ளையும் உண்ணியையும் கொல்லும், அவ்வளவுதான். பிடரியில் ஊற்றினால் கொசுவே அண்டாது என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த மருந்தாகத்தான் இருக்கும். "மூன்றுக்கும் ஒரே மருந்து" என்று என்னை வாங்க வைத்த பேச்சிலேயே ஆபத்தும் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

டாக்டர் பிறகு பொறுமையாக விளக்கினார். சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பூவிலிருந்து பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி எடுப்பது உண்மைதான். பெர்மெத்ரின் அதைப் பார்த்து ஆலையில் செய்த செயற்கைப் பொருள், அதைவிட நீண்ட நேரம் நிலைத்து நிற்கும். பூச்சியின் நரம்பைத் தொடர்ந்து துடிக்க வைத்துக் கொல்வதுதான் அதன் வேலை. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கான நொதி மிகக் குறைவு, அதனால் மருந்து உடம்பிலேயே தங்கிப் பூனையின் நரம்பையும் அதே மாதிரி துடிக்க வைக்கிறது. நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷமாவதும் இதே குறையால்தான். ஆகவே அளவைக் குறைத்தால் பூனைக்குச் சரியாகிவிடும் என்பது பொய். நாய் மருந்தில் பெர்மெத்ரின் பாதிக்குப் பாதி இருந்தால், அரை மில்லியிலேயே 250 மில்லிகிராம் இருக்கும். மூன்று கிலோ பூனைக்கு அது உயிரை எடுக்கப் போதும்.

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து என்று ஒன்று கிடையாது. நடுக்கத்தை அடக்கி, சூட்டைக் கட்டுக்குள் வைத்து, மருந்து தானாக வெளியேறும் வரை பூனையைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். முதலில் வலிப்பை நிறுத்த ஊசி. அது அடங்கிய பிறகு பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் பிடரியையும் முதுகையும் இரண்டு முறை அலசினார்கள். எண்ணெய்ப் பசையுள்ள மருந்தை வெறும் தண்ணீர் எடுக்காது. சுடுதண்ணீரும் கூடாது, தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே இறங்கும் என்றார் டாக்டர். அப்புறம் தசையைத் தளர்த்துகிற மெத்தோகார்பமால், ட்ரிப், ரத்தத்தில் ஏறிய மருந்தை இழுத்துப் பிடிக்கக் கொழுப்புத் திரவம். மூன்று இரவுகள் அங்கேயே இருந்தாள். பூந்தி அவளுடைய கழுத்தை நக்கியிருக்கிறான். அவனுக்கு எச்சிலும் லேசான காதுத் துடிப்பும் மட்டும்தான், குளிப்பாட்டி ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மொத்தச் செலவு இருபதாயிரத்தைத் தாண்டியது. நான்காவது நாள் மிளகு எழுந்து நின்று கொஞ்சம் சாப்பிட்டாள். அந்த மூன்று நாளில் நான் அழாத நேரம் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என் கணவர் கடைக்குப் போனார். டாக்டருக்கு மருந்தின் பெயர் வேண்டும், பெட்டியைக் கொடுங்கள் என்று மட்டும்தான் கேட்டார். முதலில் பெட்டி இல்லை என்றார்கள். கடைப் பையன் உள்ளேயிருந்து எடுத்து வந்துவிட்டான். 25 கிலோவுக்கு மேல் உள்ள நாய்களுக்கானது. பெர்மெத்ரின் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. அதன் கீழே ஒரு பூனைப் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இது கவனக்குறைவு இல்லை என்று எனக்கு உறுதியானது. பெட்டியோடு விற்றால் எந்தப் பூனைக்காரரும் வாங்க மாட்டார். அதனால்தான் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, ஒரு குப்பியை நான்கு சிரிஞ்சாகப் பிரித்து விற்கிறார்கள். கணவர் அந்தப் பெட்டியை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார்.

உரிமையாளர் பிறகு என்னிடம் சொன்னது: "நாய்க்குன்னு நினைச்சுக் கொடுத்தேன் மேடம்." முந்தின நாள் வரை அக்கா. மிளகு என்று பெயர் சொல்லி விசாரித்தவருக்கு எங்கள் வீட்டில் நாய் இல்லை என்பது தெரியாதா? 150 ரூபாயைத் திருப்பித் தருகிறேன் என்றார். வாங்கவில்லை.

நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் விலங்குகளுக்கான மருந்துகளுக்கும் பொருந்தும். லேபிள் இல்லாமல் பிரித்து ஊற்றி விற்பது சின்ன விஷயம் இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதியிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிவு செய்தேன். பில் இல்லாத நிலையில் எனக்குக் கைகொடுத்தவை யுபிஐ பதிவும், மீதி மருந்து இருந்த அந்தச் சிரிஞ்சும், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும்தான். இப்படி ஏதாவது நடந்தால் கோபத்தில் சிரிஞ்சைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சரி, தெள்ளுக்கு என்னதான் செய்வது? இப்போது டாக்டரிடமே பூனைக்கான குப்பியை, சீல் பிரிக்காத பெட்டியோடு வாங்குகிறேன். எங்களுக்கு அவர் தேர்ந்தெடுத்தது செலமெக்டின். தெள்ளைக் கொல்லும், கொசு கடித்துப் பரவுகிற இதயப் புழுவையும் வளர விடாது, மாதம் ஒரு முறை போட வேண்டும். உங்கள் பூனையின் வயது, எடை, வேறு நோய் எல்லாம் பார்த்து உங்கள் டாக்டர் வேறொன்றைச் சொல்லலாம். சின்னக் குட்டிகளுக்குப் பல மருந்துகள் ஆகாது. எட்டு வாரம் ஆகாத குட்டி என்றால் தெள்ளு சீப்பால் வாரி, பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் முதல் வழி. அதைத் தள்ளிப்போடவும் கூடாது, நிறையத் தெள்ளு ரத்தம் குடித்தால் குட்டி சோகை பிடித்தே செத்துவிடும்.

மருந்தைவிட அதிக வேலை வீட்டில்தான் இருக்கிறது. பூனை மேல் நம் கண்ணில் படுகிற தெள்ளு மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். முட்டை எல்லாம் உதிர்ந்து பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடமாட்டத்தின் அதிர்வு பட்டதும் வெளியே வரும். ஒரு தடவை மருந்து விட்டும் போகவில்லை என்று பலர் இன்னும் கடுமையான மருந்தைத் தேடிப் போவது இதனால்தான். நான் இரண்டு மாதம் வாரந்தோறும் படுக்கைத் துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்தேன், மூலை முடுக்கெல்லாம் வாக்குவம் போட்டேன், இரண்டு பூனைகளுக்கும் ஒரே நாளில் மருந்து விட்டேன். இப்போது துகள் இல்லை. தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு வரும் என்பதால் குடற்புழு மருந்தும் கொடுத்தோம்.

கொசுவுக்கு ஜன்னல்களில் வலை அடித்தோம், பின்பக்கம் தேங்கிய தண்ணீரை வடியவிட்டோம். பூனை உடம்பில் கொசுவுக்காக எதுவும் தடவுவதில்லை, நாம் பூசிக்கொள்கிற கொசு கிரீமையும் சேர்த்துத்தான்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து தேய்க்கச் சொன்னார் ஒருவர். அப்படித் தெளிக்கிற மருந்துகளில் இருக்கிற சைபர்மெத்ரினும் டெல்டாமெத்ரினும் பெர்மெத்ரினின் உறவுதான். நாய் உண்ணிக்குக் குளிப்பாட்டுகிற அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. பாச்சை உருண்டை, கற்பூரம், டீ ட்ரீ ஆயில் எதுவும் வேண்டாம், நக்கினால் விஷம். வீட்டில் நாயும் இருந்து, அதற்குப் பெர்மெத்ரின் போட்டால், அது காயும் வரை மட்டுமல்ல, டாக்டர் சொல்கிற நாள் வரைக்கும் பூனையைத் தனியாக வையுங்கள். பூனை அதோடு ஒட்டிப் படுத்தாலே போதும், விஷம் ஏறிவிடும்.

போன வாரம் அந்தக் கடை வழியாக வந்தேன். பச்சை மூடி போட்ட சிரிஞ்சுகள் கல்லா பக்கத்தில் ஒரு டம்ளரில் இன்னும் நிற்கின்றன. தாம்பரம் சுற்று வட்டாரத்தில் இப்படி வாங்கியிருந்தால் தயவுசெய்து போட வேண்டாம். போட்டுவிட்டீர்கள், காது துடிக்கிறது, கால் உதறுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பால், எண்ணெய் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். முதலில் டாக்டருக்கு போன் செய்து "பெர்மெத்ரினாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள். பூனை நினைவோடு இருந்தால் அவர் சொல்கிறபடி சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு, சிரிஞ்சையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.