முஜிப்பா, தானாவா? ஜோர்டானின் இரண்டு பள்ளத்தாக்குகள்

பெட்ராவையும் சாக்கடலையும் பார்த்த பிறகு ஜோர்டானில் இன்னும் ஒன்றிரண்டு நாள் மிச்சமிருந்தால், வாடி முஜிப்புக்குப் போவதா தானாவுக்குப் போவதா என்ற கேள்வி வரும். இரண்டுமே பாலைநிலப் பள்ளத்தாக்குகள், இரண்டுமே யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்கள். இரண்டையும் நடத்துவதும் ஜோர்டானின் அரச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம்தான். ஆனால் தண்ணீரில் இறங்கி நடக்க ஆசை என்றால் முஜிப். காட்டுயிர் பார்க்க வேண்டும் என்றால் யோசிக்காமல் தானாவுக்குப் போங்கள்.

முஜிப் ஆறு சாக்கடலில் கலக்கும் இடம் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே. அங்கிருந்து தொடங்கும் சீக் (குறுகலான பாறை இடுக்கு) பாதையில் தனியாக நடைபாதை என்று ஒன்று இல்லை, ஆறுதான் பாதை. லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர் எழுந்து நிற்க, கயிற்றையும் ஏணியையும் பிடித்து நீரோட்டத்துக்கு எதிராக ஏற வேண்டும். ஓர் அருவியின் அடியில் பாதை முடிகிறது. திரும்பும்போது பல இடங்களில் தண்ணீரே நம்மைக் கொண்டுவந்து விட்டுவிடும். அரை நாள் போதும். 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது சரிவராது.

பொதுவாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். தொலைவில் மேட்டுநிலத்தில் பெய்யும் மழை, கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். 2018 அக்டோபரில் இதற்கு வடக்கே, சாக்கடலை ஒட்டிய ஜர்க்கா மாயின் பள்ளத்தாக்கில் வந்த திடீர் வெள்ளம், பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள் உட்படப் பலரை அடித்துச் சென்றது. அதனால் பருவத்துக்குள்ளேயே கூட, இன்று பாதை மூடல் என்று ஊழியர்கள் சொன்னால் மறுபேச்சு வேண்டாம்.

முஜிப்பிலும் காட்டுயிர் உண்டு. வேட்டையால் குறைந்துபோன நூபிய ஐபெக்ஸ் காட்டாடுகளை அடைப்பில் வளர்த்து மலைக்குத் திருப்பி அனுப்பிய இடமே இதுதான். ஆனால் சீக்கின் நீரிரைச்சலிலும் கூட்டத்திலும் அவை கண்ணில் படும் வாய்ப்பு குறைவு. ஆடுகளுக்காகவே போகிறவர்கள் வழிகாட்டியோடு செல்லும் ஐபெக்ஸ் பாதையைக் கேளுங்கள், அது நனையாத மலைப்பாதை.

தானாவின் பலம் அதன் உயர வித்தியாசம். மேலே சுமார் 1,500 மீட்டரில் ஜூனிப்பரும் சைப்ரஸும் ஓக்கும் நிற்கின்றன. கீழே கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த வாடி அரபாவில் மணலும் வேல மரங்களும். நான்கு வகைத் தாவர நிலங்கள் ஒரே காப்பகத்துக்குள் அடங்குகின்றன. பழைய கல்வீடுகள் நிறைந்த தானா கிராமத்திலிருந்து பள்ளத்தாக்கின் அடியிலிருக்கும் ஃபைனான் வரை சுமார் 14 கிலோமீட்டர் இறங்கினால் இந்த மாற்றத்தைக் காலாலேயே உணரலாம். பெரும்பாலும் இறக்கம்தான், அதனால் நுரையீரல் தப்பிக்கும், முழங்கால் மாட்டிக்கொள்ளும்.

ஓநாய், கழுதைப்புலி, கரகால் பூனை எல்லாம் இங்கே வாழ்கின்றன, ஆனால் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் காலடித் தடம்தான். ஐபெக்ஸும் பாறையின் நிறத்திலேயே இருப்பதால் அசையும் வரை தெரியாது. சரிவில் கல் உருளும் சத்தம் கேட்டால் நின்று மேலே பாருங்கள். பறவைகள் இவ்வளவு கூச்சப்படுவதில்லை. மேலே ருமானா முகாம் பக்கம் சிரிய செரின் என்னும் சிறு மஞ்சள் குருவியை அதிகாலையில் தேடலாம். வெயில் ஏறியதும் பாறுக் கழுகுகள் வட்டமிடும். வசந்த காலத்தில் பாறை மேல் பளிச்சென்ற நீல நிறத்தில் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தால், அது ஆண் சினாய் அகாமா.

செலவு ஒரு விஷயம்தான். ஃபைனானில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இயங்கும் விடுதி மலிவானது அல்ல. நடந்து இறங்கியவர்கள் காரில் கிராமத்துக்குத் திரும்ப மலையைச் சுற்றி மணிக்கணக்கில் போக வேண்டும், வண்டியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆனாலும் அந்தப் பணத்தில் உள்ளூர்க்காரர்களுக்கும் பதூயின் குடும்பங்களுக்கும் வேலை கிடைக்கிறது. 2021-இல் தாமிரச் சுரங்கத்துக்காகக் காப்பகத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க அரசு முயன்றது. காடு காடாகவே இருந்தும் ஊருக்குச் சோறு போட முடியும் என்பதற்கு இந்த வேலைகள்தான் சாட்சி.

ஏப்ரலில் போகிறவர்கள் எதையும் விட வேண்டியதில்லை. தானாவில் ஓர் இரவு, ஃபைனானில் ஓர் இரவு. அப்புறம் வாடி அரபா சாலையில் வடக்கே வந்தால், அம்மானுக்குத் திரும்பும் வழியிலேயே முஜிப்.