வாட்ஸ்அப், டீம்ஸ், கூகுள்: பினாங்கு அலுவலகத்துக்கு எது பொருந்தும்?

பட்டர்வொர்த்தில் சுங்க முகவர் தொழில் செய்பவர்கள், ஜார்ஜ்டவுனில் கணக்கு நிறுவனம் வைத்திருப்பவர்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் தருபவர்கள் என்று யாரைச் சந்தித்தாலும் எந்தச் செயலி நல்லது என்றே கேட்கிறார்கள். அரட்டை, காணொளிச் சந்திப்பு, கோப்புப் பகிர்வு எல்லாவற்றிலும் இருக்கின்றன. நான் ஒரே அளவுகோல்தான் வைக்கிறேன்: ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போனால், அவர் கையாண்ட கோப்பு அலுவலகத்தில் தங்குமா, அவரோடு போய்விடுமா?

வாட்ஸ்அப்பின் பலத்தை மறுப்பதற்கில்லை. லாரி ஓட்டுநர் துறைமுக வாசலில் நின்றபடியே தமிழில் குரல்பதிவு அனுப்புகிறார். கிடங்கில் இருப்பவர் மலாயில் பதில் எழுதுகிறார். யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் கே1 பாரம் (இறக்குமதிக்கான சுங்க அறிவிப்புப் படிவம்), இன்வாய்ஸ், வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படம் எல்லாம் ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளில் கிடக்கின்றன. விலகியவரைக் குழுவிலிருந்து நீக்கலாம். அவர் கைப்பேசியில் ஏற்கனவே இறங்கியதை யாராலும் எடுக்க முடியாது. 90 நாளில் செய்திகள் மறையும் வசதியை யாராவது போட்டுவிட்டால் இன்னும் மோசம். மலேசிய வருமான வரிச் சட்டம் வணிகப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தமும் கடுமையானது: 2025 ஜூன் 1 முதல், கடுமையான தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்திருக்கிறது. எத்தனை கைப்பேசிகளில் என்ன இருக்கிறது என்றே தெரியாத அலுவலகம், கசிந்தது எது என்று 72 மணி நேரத்தில் எப்படிச் சொல்லும்?

அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தைச் சில இளைஞர்கள் விரும்புகிறார்கள். அதில் 90 நாளுக்கு முந்தைய செய்திகள் கண்ணில் படாது, ஓராண்டுக்கு மேற்பட்டவை அழிக்கப்படும். பணம் கட்டத் தயாராக இல்லாத அலுவலகம் இதை விட்டுவிடலாம்.

மைக்ரோசாப்ட் டீம்ஸ் பலரிடம் ஏற்கனவே இருக்கிறது. எக்செலுக்கும் மின்னஞ்சலுக்கும் கட்டும் சந்தாவோடு வந்துவிட்டது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதன் முக்கியமான நுணுக்கத்தைக் கவனிப்பதில்லை. தனி அரட்டையில் அனுப்பும் கோப்பு, அனுப்பியவரின் தனிச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் போய் அமர்கிறது. சேனலில், அதாவது குழுவுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் திறக்கும் பொதுப் பகுதியில், போடும் கோப்பு, குழுவுக்கென்று உள்ள ஷேர்பாயின்ட் தளத்தில் தங்குகிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஊழியரின் கணக்கை நீக்கிய பிறகு, அமைப்பை மாற்றாவிட்டால் அவருடைய ஒன்டிரைவ் 30 நாள் மட்டுமே காத்திருக்கும். அரட்டையிலேயே வேலை பார்த்த அலுவலகம், டீம்ஸுக்கு மாறிய பிறகும் வாட்ஸ்அப் காலத்திலேயே நிற்கிறது என்றுதான் சொல்வேன். ஆகவே பயிற்சியில் முதலில் கற்றுத்தர வேண்டியது பொத்தான்களை அல்ல. வாடிக்கையாளர் கோப்பு சேனலில், மதியச் சாப்பாட்டுப் பேச்சு அரட்டையில் என்ற ஒரே பழக்கத்தைத்தான்.

கூகுள் வொர்க்ஸ்பேஸில் இதே பிரச்சினைக்கு நேரான தீர்வு இருக்கிறது. 'மை டிரைவ்' கோப்பு தனிநபருடையது. பகிர்வு இயக்ககத்தில் ('ஷேர்டு டிரைவ்') வைத்த கோப்பு நிறுவனத்துடையது, போட்டவர் போனாலும் அது போகாது. புரிய வைப்பதும் எளிது. ஆனால் மிகக் குறைந்த விலையுள்ள ஸ்டார்ட்டர் திட்டத்தில் பகிர்வு இயக்ககம் கிடையாது. விலையை மட்டும் பார்த்து அதை வாங்கிவிட்டு, கோப்புகளை ஆளுக்கு ஆள் பகிர்ந்து அல்லாடும் அலுவலகங்கள் உண்டு.

அடுத்தது, குழுவை உருவாக்கும் உரிமை யாருக்கு என்பது. டீம்ஸை அப்படியே விட்டால் எந்த ஊழியரும் குழு தொடங்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம், ஓர் அஞ்சல்பெட்டி உருவாகும். ஓராண்டில் 'சரக்கு', 'சரக்கு புதியது', 'சரக்கு 2' என்று நிறைந்து, எது உண்மையானது என்று யாருக்கும் தெரியாமல் போகும். இதற்கு அஞ்சி எல்லாவற்றையும் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் கையில் பூட்டி வைக்கிறவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். புதிய குழுவுக்கு மூன்று நாள் காத்திருக்கச் சொன்னால், ஊழியர் அன்று மதியமே வாட்ஸ்அப்பில் ஒன்றைத் தொடங்கிவிடுவார். பூட்டு எவ்வளவு கனமோ, அவ்வளவு வேலை வெளியே போகும். துறைக்கு ஒருவருக்கு உருவாக்கும் உரிமை, ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது இரண்டு உரிமையாளர்கள், பயன்படாத குழுவுக்குக் காலாவதி என்ற நடுவழியே நிலைக்கிறது. காலாவதிக்கு 30, 15, 1 நாள் முன்பு உரிமையாளர்களுக்கு அறிவிப்பு வரும். அழிந்த பின்னும் 30 நாளுக்குள் மீட்கலாம். புழக்கத்தில் உள்ள குழு தானாகப் புதுப்பிக்கப்படும்.

எந்த விதியும் முதலாளியின் கைப்பேசியைத் தாண்டித்தான் நடைமுறைக்கு வரவேண்டும். அவர் இரவு பத்து மணிக்கு "அந்த கன்டெய்னர் என்ன ஆயிற்று?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், பதிலும் அங்கேதான் வரும், ஆவணமும் அங்கேதான் வரும். ஆறு மாதப் பயிற்சி அந்த ஒரு கேள்வியில் வீணாகிறது. வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வேலைவாய்ப்புச் சட்டம் 2023 முதல் வரையறுத்திருக்கும் நாட்டில், அந்த இரவுக் கேள்வியைக் காலை எட்டரைக்குப் போய்ச் சேரும்படி டீம்ஸில் நேரம் குறித்து அனுப்புவதே ஊழியருக்குக் காட்டும் மரியாதை.

என் தேர்வு இதுதான். மைக்ரோசாப்ட் சந்தா இருப்பவர்கள் டீம்ஸிலேயே இருங்கள். புதிதாகத் தொடங்கும் சிறிய அலுவலகத்துக்குப் பகிர்வு இயக்ககம் உள்ள கூகுள் திட்டம் எளிது. ஓட்டுநர்களையும் வாடிக்கையாளர்களையும் வாட்ஸ்அப்பிலிருந்து இழுக்க முயலாதீர்கள். அங்கிருந்து வரும் ஆவணத்தை அன்றே சேனலில் ஏற்றும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள். முதல் மாதம் கே1 கோப்புகளை மட்டும் மாற்றுங்கள். டீம்ஸில் காலாவதி விதி வேண்டுமானால், கையெழுத்திடும் முன் விற்பனையாளரிடம் கேளுங்கள்: அதற்கு மைக்ரோசாப்டின் பயனர் கணக்கு நிர்வாகச் சேவையான என்ட்ரா ஐடியின் பி1 உரிமம் தேவை, மைக்ரோசாப்டின் பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் அது அடங்கியிருக்கிறது, பிசினஸ் பேசிக் திட்டத்தில் இல்லை.